நான்கு இடங்களில் எரிந்த விளக்கு



புனேயில் கடல் இல்லை. ஆகையால் இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலர் கலங்கரை விளக்கத்தைப் பாடப்புத்தகத்தின் படத்தில் மாத்திரமே கண்டிருக்கிறார்கள். விடுமுறைக்குச் சென்னை செல்லும் குடும்பங்களும் மெரினா கடற்கரையில் சிவப்பும் வெள்ளையுமாய் உயர்ந்து நிற்கும் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்துவிட்டுக் கடந்துபோகின்றன. அதற்கு முன்பு அந்நகரில் மூன்று இடங்களில் அவ்விளக்கு எரிந்தது என்பதையும், அந்த மூன்று கட்டடங்களும் இன்னும் நிற்கின்றன என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

பழைய சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கரையோரத்தில் அலை கடுமையாய் இருந்தபடியால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. மனிதரும் சரக்கும் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தார்கள். தாழ்வான, மலையற்ற அக்கரையை இரவில் அடையாளம் காண்பது மாலுமிகளுக்கு உயிர்ப்பிரச்சினையாய் இருந்தது.

1796ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், வணிகர்கள் கூடிய மாளிகையின் மாடியில் முதல் விளக்கு வைக்கப்பட்டது. தேங்காய் எண்ணெயில் எரிந்த திரிகளே அதன் ஒளி. அந்த மாளிகை இன்று கோட்டை அருங்காட்சியகமாய் விளங்குகிறது.

ஒளி உயரத்தில் இருக்க வேண்டியது ஏன்? பூமி உருண்டையானது. தாழ்வான விளக்கு எவ்வளவு பிரகாசமாய் எரிந்தாலும், சற்றுத் தூரத்தில் கடலின் வளைவு அதை மறைத்துவிடும். 45 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குக் கடலின் விளிம்பு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் தெரியும். கப்பலின் மேல்தளம் உயர்ந்திருந்தால், அங்கே நிற்கும் மாலுமி அதைவிடத் தொலைவிலிருந்தே ஒளியைக் காண்பார்.

ஆகவே அடுத்த விளக்குக்கென்று தனித் தூண் ஒன்று எழுப்பப்பட்டது. மதராஸ் பொறியியல் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித் என்பவர் கிரேக்கரின் டோரிக் பாணியில் அதை வடிவமைத்தார். பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆன அத்தூணின் உயரம் 125 அடி. 1844ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் அது ஒளிவீசத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக் காலம் அது பணி செய்தது.

பின்னர் அருகிலேயே செந்நிறச் செங்கல்லால் உயர் நீதிமன்றக் கட்டடம் எழும்பி 1892இல் திறக்கப்பட்டது. அதன் மிக உயர்ந்த கோபுரம் சுமார் 175 அடி. 1894இல் விளக்கு அதன் உச்சிக்கு மாற்றப்பட்டது. நீதி வழங்கும் மாளிகையே கடலோடிகளுக்கு வழிகாட்டியாகவும் நின்றது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பலான எம்டன் நகரின்மீது குண்டு வீசியபோது, அந்நீதிமன்றத்தின் மதிற்சுவரும் சேதமடைந்தது.

நான்காவதே நாம் மெரினாவில் காணும் கோபுரம். 1977 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய இது முக்கோண வடிவமுடையது; உயரம் ஏறக்குறைய 46 மீட்டர். லிஃப்ட் அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு. பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் பார்வையாளருக்கு மூடப்பட்டிருந்து, 2013 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

கருங்கல் தூண் இன்றும் நீதிமன்ற வளாகத்தில் கம்பீரமாய் நிற்கிறது. ஆனால் அதில் விளக்கு இல்லை. அதனால் அதற்கு அவமானமும் இல்லை. தன் காலத்தில் தாங்க வேண்டியதை அது தாங்கியது. பழைய தூண் அழகானது என்பதற்காக விளக்கை அங்கேயே வைத்திருந்தால், நஷ்டம் தூணுக்கன்று. இருளில் வரும் மாலுமிக்கே.

ஊரைவிட்டு வந்து வேறொரு நகரில் வீடு கட்டியிருக்கும் நமக்கு இது சிந்தனைக்குரியது. நம் பெற்றோர் வாழ்ந்த வீடுகளை இங்கே கொண்டுவர இயலாது. அவ்வீடுகளில் எரிந்த விளக்கைக் கொண்டுவர இயலும். அடுத்த முறை சென்னை செல்லும்போது, பிள்ளைகளை அழைத்துச்சென்று மெரினாக் கோபுரத்தோடு அந்தப் பழைய தூணைக் குறித்தும் சொல்லுங்கள்.