ஆங்கிலத்துக்கும் ஒரு செய்முறைத் தேர்வு வேண்டும்

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,



கும்பகோணம் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் ஆங்கிலம் பேசுவதற்கும், காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு நடப்பதுபோல ஆங்கிலத்துக்கும் ஒன்று நடக்கட்டும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துக்கு, 25 செய்முறைக்கு. அதனால்தான் எந்தக் கடைக்கோடிப் பள்ளியிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதனைக் குழாயைப் பிள்ளைகள் கையில் எடுக்கிறார்கள். ஆங்கிலத்துக்கோ 100 மதிப்பெண்ணும் எழுத்துதான். பன்னிரண்டாம் வகுப்பில் 90 எழுத்துக்கும் 10 அக மதிப்பீட்டுக்கும் போகின்றன. அந்தப் பத்தும் பேச்சை அளப்பதற்காக வைத்தவை அல்ல. ஒன்றாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மொழியைப் படிக்கும் பிள்ளை, அந்த மொழியில் வாய்திறந்து ஒரு நிமிடம் பேசிக் காட்ட வேண்டிய கட்டாயம் ஒரு நாளும் வராமலேயே பள்ளியை விட்டு வெளியேறிவிட முடிகிறது.

தேர்வில் இல்லாதது வகுப்பறையில் நிலைப்பதில்லை. இதை எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். அரையாண்டுத் தேர்வு முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிட்டால் பள்ளியின் முகமே மாறிவிடும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று தனிக் கையேடு வரும். எந்த மனப்பாடக் கவிதை, எந்தக் கதை, எந்தக் கடிதம் என்று பட்டியல் போடப்படும். எந்தக் கவிதையைக் கேட்டாலும் எழுதிவிடும்படி ஒரு பொதுப் பத்தியை உருப்போட வைப்பதும் உண்டு. மாணவன் அதைப் பிழையில்லாமல் எழுதுவான். தேர்ச்சிக்கான 35ஐத் தாண்டுவான். எழுதியது என்னவென்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். இதற்காக ஆசிரியர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆய்வுக் கூட்டங்களில் அவர்களிடம் கேட்கப்படுவது தேர்ச்சி விழுக்காடுதான். கேட்கப்படுவதைத்தானே அவர்களால் கொடுக்க முடியும்?

பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வரைபடத்தைக் கொடுத்து வழிசொல்லச் சொல்லும் வினா ஒன்று வரும். நேரே போ, இடப்புறம் திரும்பு, வங்கிக்கு எதிரே இருக்கிறது என்று நம் பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இருக்கிறது. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வெளிநாட்டவர் நாள்தோறும் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஆட்டோ நிறுத்தத்துக்கு வழி கேட்டால், அதே வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை பதில் சொல்லத் தயங்கி விலகிப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. வழிசொல்லும் அந்த நான்கு வாக்கியங்களை யாரும் ஒரு முறைகூட அதன் வாயிலிருந்து கேட்டதில்லை.

தேர்வு ஆங்கிலமும் வாழ்க்கை ஆங்கிலமும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் கணித மேதை சீனிவாச ராமானுஜன். ஆங்கிலத்தில் தேறாததால் அந்த உதவித்தொகை பறிபோனது. பட்டம் அவருக்குக் கடைசிவரை இந்த மண்ணில் கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 அன்று, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அதே ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை இணைத்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினார். முன்பின் அறியாத ஒருவருக்குத் தாம் யார், தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன வேண்டும் என்று அதில் தெரிவித்தார். 1914இல் கப்பலேறினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கல்லூரித் தாள் அவரிடம் தேடிய ஆங்கிலம் வேறு, அவர் வாழ்க்கைக்குத் தேவைப்பட்ட ஆங்கிலம் வேறு. தன்னிடம் உள்ளதை அந்நியர் ஒருவருக்கு விளங்கச் சொல்லும் திறனைத்தான் நாம் பள்ளியில் வளர்க்க வேண்டும். இன்றைய பொதுத்தேர்வு அதை அளப்பதே இல்லை.

பள்ளி முடிந்த பிறகு வாழ்க்கை வைக்கும் தேர்வுகளை எண்ணிப் பாருங்கள்.

டெல்டா மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகள் பலர் செவிலியர் படிப்பு முடிக்கிறார்கள். பிரிட்டனில் வேலைக்குப் போக விரும்பினால் ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓஈடி என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுத வேண்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கையும் அங்கே தனித்தனியாக அளக்கிறார்கள். ஓஈடியின் பேச்சுத் தேர்வில் எதிரே நோயாளியாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய அச்சத்தைக் கேட்டு, சிகிச்சையை விளக்கி, தைரியம் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் 90க்கு மேல் வாங்கிய பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் திணறுகிறாள். பள்ளி இலவசமாகத் தந்திருக்க வேண்டியதைப் பிறகு கடன் வாங்கிப் பயிற்சி நிலையத்தில் கற்றுக்கொள்கிறாள்.

வளைகுடாவுக்குப் போகும் இளைஞனைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் குடியேற்ற அனுமதியைப் பெற வேண்டும். அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை அதிகாரி ஒருவர் பார்ப்பார். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் அளவுக்குப் படித்தவர் என்று சட்டம் அவரை நம்புகிறது. ஆனால் அவர் கையில் தரப்படும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ அரபியிலோ இருக்கிறது. சம்பளப் பிடித்தம், வேலை நேரம், திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. பொதுப் பத்தியை உருப்போட்டுத் தேறிய பையனால் அதைப் படித்துக் கேள்வி கேட்க முடியுமா? நாம் தரும் தேர்ச்சிச் சான்றிதழ் அவனுக்குரிய பாதுகாப்பு ஒன்றை விலக்கிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பும் திறனையும் நாம்தானே தர வேண்டும்?

ஊரிலேயே இருப்பவருக்கும் இது பொருந்தும். மாவட்ட நீதிமன்றத்தில் தமிழ் உண்டு. வழக்கு மேல்முறையீடாக உயர் நீதிமன்றம் போனால் அரசமைப்பின் 348ஆம் பிரிவின்படி அங்கே ஆங்கிலம்தான். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டோம். அந்தக் கோரிக்கை நியாயமானது, அது வெல்ல வேண்டும். வெல்லும்வரை தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைப் படிக்க ஒரு விவசாயி பிறர் தயவை நாட வேண்டியிருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகள், பம்புசெட்டோடு வரும் கையேடு என்று அறுபது வயதிலும் ஆங்கிலம் வீடு தேடி வந்துகொண்டேதான் இருக்கும்.

கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் நேர்முகத் தேர்விலும், நோயாளியின் படுக்கையருகிலும், மேலாளர் அவசரமாகக் கட்டளையிடும் தொழிற்கூடத்திலும் மனிதர்தான் பேச வேண்டும். மொழிபெயர்ப்பு சரியா தவறா என்று பார்க்கவும் இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் பிழைப்புக்கு மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து தம் மக்களின் உரிமையைக் கேட்டார். ஆட்சியாளர்களின் மொழி அவருக்கு வசப்பட்டிருந்தது. இடையில் வேறொருவர் நின்று அவருடைய கோரிக்கையின் கூர்மையைக் குறைத்துவிட வழியில்லாமல் போனது.

தமிழுக்கும் ஆங்கிலத்தால் ஆக்கம் உண்டு. எங்கள் பக்கத்து வலங்கைமானில் பிறந்த க.நா.சுப்ரமண்யம் நார்வே நாட்டு நாவலாசிரியர் நட் ஹாம்சனின் பெரும் படைப்பை 'நிலவளம்' என்றும், சுவீடனின் பேர் லாகர்குவிஸ்ட் எழுதியதை 'அன்பு வழி' என்றும் தமிழுக்குக் கொண்டுவந்தார். நார்வே உழவனின் வாழ்க்கை காவிரிக் கரைக்கு வந்துசேர ஆங்கிலம் வழியாயிற்று. இப்படி ஆங்கிலத்தில் ஆழ்ந்து, தமிழில் எழுதியவர்கள் அன்று ஒரு சிலர்தான். பெரும்பாலும் வசதியும் சாதிப் பின்புலமும் உள்ளவர்கள். கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பைத் தருவதற்குத்தானே அரசுப் பள்ளி இருக்கிறது?

இங்கேதான் நம் மாநிலத்துக்கு ஒரு தனிப் பொறுப்பு வருகிறது. 1938இலும் 1965இலும் இந்த மண்ணில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைத் தாங்கள் அறிவீர்கள். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே உறுதிசெய்தது. நான் அதை முழு மனதோடு ஆதரிப்பவன். ஆதரிப்பதால்தான் கேட்கிறேன். தமிழும் ஆங்கிலமும் நமக்குப் போதும் என்று சொன்ன அன்றே, இரண்டையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுமையாகத் தருவோம் என்றும் சொல்லிவிட்டோம். மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் வாதாடி நம் குரலைக் கேட்கவைத்த அண்ணா, 35 மதிப்பெண் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தா அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்திருப்பார்? கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மொழியும், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றரை மொழியும் என்றால் நம் கொள்கை பாதி வழியில்தான் நிற்கிறது.

இதைச் சரிசெய்யத் தேவையானவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே தங்கள் கையில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. கணினியும் ஹெட்போனும் அங்கே உள்ளன. ஒலிப்பதிவைக் கேட்டு விடையளிக்கும் தேர்வை அங்கேயே நடத்தலாம். பேச்சுத் தேர்வுக்கு ஒரு மாணவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு படத்தைப் பற்றிப் பேசுவது, வழிசொல்வது, மருத்துவரிடம் தன் உடல்நிலையைச் சொல்வது, வேலைக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது போன்றவை பாடமாகட்டும்.

செய்முறை மதிப்பெண்ணை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிடுவார்களே என்ற ஐயம் எழும். நியாயமான ஐயம்தான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் புறத் தேர்வாளராக வரட்டும். பேச்சைப் பதிவுசெய்து, ஒரு பகுதியை மாவட்ட அளவில் மறுபடி கேட்டுச் சரிபார்க்கலாம். முதல் ஈராண்டு ஒன்பதாம் வகுப்பில் மட்டும் நடத்திப் பழகிக்கொண்டு, பிறகு பொதுத்தேர்வுக்குக் கொண்டுபோகலாம். ஒன்றை மட்டும் விதியில் தெளிவாக எழுதுங்கள்: உச்சரிப்பின் சாயலுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஊர்த் தமிழின் வாசம் ஆங்கிலத்தில் வீசினால் அது குறையே அல்ல. சொன்னது விளங்கினால் போதும்.

ஆசிரியர்களுக்கும் காலம் கொடுங்கள். எங்களில் பலரும் இதே எழுத்துத் தேர்வுகளால் உருவானவர்கள்தாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இரண்டு நாள் உரை கேட்டுவிட்டுத் திரும்புவது போதாது. ஆசிரியர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆண்டு முழுவதும் தொடரும் வாய்ப்பு வேண்டும். நூலகப் பாடவேளையைத் திருப்புதல் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளாமல் காப்பாற்றுங்கள். எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் பூட்டிய அலமாரியை விட்டுப் பிள்ளைகளின் கைக்கு வரட்டும்.

இவற்றோடு தமிழை இன்னும் வலுவாக்குங்கள். தமிழில் தடையில்லாமல் படிக்கவும் சிந்திக்கவும் தெரிந்த பிள்ளைதான் ஆங்கிலத்தையும் விரைவாகப் பற்றிக்கொள்கிறது. இதை வகுப்பறையில் காலமெல்லாம் பார்த்தவன் நான். ஆங்கில வழிப் பிரிவு என்று பலகை மாட்டுவதாலோ, தமிழில் பேசினால் தண்டிப்பதாலோ ஆங்கிலம் வந்துவிடாது. பிழையோடு பேசும் பிள்ளையைப் பொறுமையாகக் கேட்கும் ஆசிரியரும், அந்தப் பேச்சுக்கு மதிப்புத் தரும் தேர்வும் இருந்தால் வரும்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, புதிய திட்டத்துக்குப் பெயர் சூட்டி விழா எடுக்கும்படி நான் கேட்கவில்லை. வினாத்தாள் அமைப்பை மாற்றும் ஓர் அரசாணையைக் கேட்கிறேன். 25 மதிப்பெண்ணை எழுத்திலிருந்து எடுத்துப் பேச்சுக்கும் கேட்டலுக்கும் கொடுங்கள். அடுத்த கல்வியாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் தொடங்குங்கள். அந்த ஆணை வந்த வாரமே தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஆங்கில ஆசிரியர் பிள்ளைகளைப் பேசச் சொல்லத் தொடங்கிவிடுவார். அதற்காக என்னைப் போல் ஓய்வுபெற்றவர்களின் உழைப்பு தேவைப்பட்டால், ஊதியம் எதிர்பாராமல் வந்து நிற்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.