முதலில் சீட்டைச் சரி பண்ணுங்கள்... கார்பன் அப்புறம்!

"டாக்டர், கார்பன் பிரேம்ல ஒரு மவுண்டன் பைக் பார்த்து வெச்சிருக்கேன். வாங்கலாமா?"

கஷாயம் எத்தனை வேளை, பத்தியம் உண்டா என்ற கேள்விகளுக்கு நடுவே இப்போதெல்லாம் இந்தக் கேள்வியும் என் வைத்தியசாலையில் காதில் விழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய குடும்பத் தலைவர்கள். சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கும். இடுப்புச் சுற்றளவு ஏறியிருக்கும். யாரோ ஒரு நண்பர், "சைக்கிள் ஓட்டு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார். உடனே லட்சத்தை நெருங்கும் ஒரு சைக்கிளில் கண் வைத்துவிடுகிறார்கள்.

சித்த வைத்தியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். முழங்கால் வலி, இடுப்புப் பிடிப்பு, கை மரமரப்பு என்று கடைசியில் என்னிடம்தானே வருகிறீர்கள்? அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வாங்குங்கள், தாராளமாக ஓட்டுங்கள். ஆனால் கார்பன் என்பது கடைசிப் படி. சைக்கிளை உங்கள் உடம்புக்குப் பொருத்துவது முதல் படி. பிரேக்கும் டயரும் இரண்டாவது. பராமரிப்பு மூன்றாவது. இந்த மூன்றும் முடிந்து கையில் பணம் மிச்சமிருந்தால் கார்பனைப் பற்றிப் பேசலாம்.

கரிதான், ஆனால் வேறு கரி!

கார்பன் பிரேம் என்றால் என்ன? செயற்கை இழையைக் காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, கரி மட்டும் மிஞ்சும்படி செய்கிறார்கள். காற்றை அடைத்துச் சுட்டால் பொருள் எரிந்து சாம்பலாகாமல் கரியாக நிற்கும் என்பது நம் ஊர்க் கரிமூட்டக்காரருக்கும் தெரியும். அகலை மூடிச் சீலைமண் செய்து புடம் போடுகிற எங்களுக்கும் தெரியும். அப்படிக் கிடைத்த இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி, அச்சில் வைத்து இறுக்கினால் பிரேம் தயார். துருப் பிடிக்காது, எடை குறைவு, விறைப்பு அதிகம். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினிய பிரேமை விடக் கார்பன் பிரேமில் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரைதான் எடை குறையும். நீங்கள் 78 கிலோ, சைக்கிள் 14 கிலோ என்றால் மொத்தம் 92. அதில் ஒரு கிலோ குறைக்கத்தான் இத்தனை ஆயிரம் ரூபாய். ராத்திரி பரோட்டாவை நிறுத்தினாலே அந்த ஒரு கிலோ தானாக இறங்கிவிடுமே, சார்!

அதுவும் எந்த ஊரில்? திருச்சியிலிருந்து முக்கொம்பு போனாலும் கல்லணை போனாலும் ஆற்றங்கரையோடு சமதளம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி சுற்றினாலும் ஏற்றமே கிடையாது. இங்கே மேடு என்றால் காவிரிப் பாலத்தின் ஏறுமுகமும் ரயில்வே மேம்பாலங்களும்தான். பச்சைமலைக்கும், எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கும் வாரா வாரம் மிதிக்கிறவருக்கு எடைக் குறைவு பலன் தரும். மற்றவர்களுக்கு அது கௌரவம் மட்டுமே.

பழைய இரும்பில் பிறந்த மவுண்டன் பைக்

இந்த மவுண்டன் பைக் பிறந்த கதை தெரியுமா? 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுண்டி என்ற மலைப்பகுதி இளைஞர்கள் 1930, 40-களின் பழைய, கனமான, குண்டு டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். வேண்டாததைக் கழற்றினார்கள். கியரும் நல்ல பிரேக்கும் சேர்த்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மலைச் சரிவில் இறங்கினார்கள். 1976-ல் அங்கே பந்தயமே நடந்தது. அந்தப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர பிரேக் சூடாகி உள்ளே இருந்த கிரீஸ் எரிந்து போகும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். அதாவது, பராமரிப்புதான் அந்தப் பந்தயத்துக்கே பேர் வைத்தது! புது பிரேம் செய்வது 1977-ல், அதற்கப்புறம்தான் வந்தது.

அவர்கள் போன வரிசையிலேயே நீங்களும் போங்கள் என்பதுதான் என் வாதம்.

முழங்காலைக் கேளுங்கள்

தில்லைநகரிலிருந்து ஒருவர் வந்தார். புது கியர் சைக்கிள் வாங்கி ஒரு மாதம். "ரெண்டு முட்டியும் முன்பக்கம் வலிக்குது டாக்டர். வாத நாராயணன் தைலம் தடவலாமா?" என்றார். சைக்கிளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். சீட் ஒரு சாண் தாழ்ந்து கிடந்தது. கீழே கால் ஊன்ற வசதியாக இருக்கிறதென்று அப்படி வைத்திருக்கிறார். சீட்டை ஏற்றி வைத்தோம். இரண்டு வாரத்தில் வலி குறைந்தது. தைலம் செலவு மிச்சம்!

அளவு எடுப்பது சுலபம். சீட்டில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகம். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலும் உயரம் அதிகம் என்றே அர்த்தம்.

சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போகிறதா? உடம்பு பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கி நரம்பை அழுத்துகிறது. ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், அல்லது அருகே கொண்டுவாருங்கள். உட்காரும் இடம் மரத்தால் சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருக்கலாம், சமமாக்குங்கள். மெத்தென்று தடித்த கவர் போட்டால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். அது உள்ளே அமுங்கி இன்னும் அழுத்தும்.

இந்தத் திருத்தங்களுக்கு ஆகும் செலவு ஒரு ஸ்பேனர். இதைச் செய்யாமல் கார்பனில் ஏறினால், விலை உயர்ந்த முழங்கால் வலிதான் கிடைக்கும்.

காசு எங்கே போக வேண்டும்?

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, இருக்கும் சைக்கிளையே மேம்படுத்தலாம் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பிரேக். தேய்ந்த பிரேக் கட்டை, துருவேறிய ஒயர், இரண்டையும் மாற்றுங்கள். அடுத்து டயர். நம் தார் ரோட்டுக்கு முள் முள்ளாக நிற்கும் மவுண்டன் டயர் வேண்டாம். வழவழப்பான டயர் போட்டால் மிதிப்பது எவ்வளவு லேசாகிறது என்று நீங்களே சொல்வீர்கள். பிரேமை மாற்றுவதை விட இதில் வித்தியாசம் அதிகம் தெரியும். பிறகு சீட், பெடல், கைப்பிடி. அதற்குப் பின் செயின், பல்சக்கரம். அப்புறம் சக்கரங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் பிரேம்.

விலை மலிவான கார்பன் வேண்டாம்

மலிவு விலையில், பெயர் தெரியாத கார்பன் பிரேமும் ஹேண்டில்பாரும் வாங்கிப் பூட்டிக்கொள்ளும் பழக்கம் பரவுகிறது. இதில்தான் எனக்குப் பயம். இரும்பு வளையும், நெளியும். உடைவதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கும். கார்பன் அப்படியில்லை. உள்ளே அடுக்கு விட்டுப் போயிருந்தாலும் மேலே பெயின்ட் பளபளக்கும். ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது திடீரென்று போகும். ஹேண்டில்பார் கையோடு வந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்.

ஆகவே, விழுந்த சரித்திரம் தெரியாத செகண்ட் ஹேண்ட் கார்பனை வாங்காதீர்கள். உத்தரவாதம் தராத பிரேமை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். நம் ஊர் மெக்கானிக் கைவாக்கில், "நல்லா டைட் பண்ணிட்டேன் சார்" என்று இறுக்குவார். இரும்புக்கு அது சரி. கார்பன் நசுங்கிக் கீறல் விடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அந்தந்த பாகத்திலேயே 'நியூட்டன் மீட்டர்' கணக்கில் அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். அதை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் இல்லாமல் கை வைக்க விடாதீர்கள். சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் தடவாமல் கார்பனுக்கென்றே உள்ள பேஸ்ட்டைத் தடவுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். அலுமினிய போஸ்ட் கார்பன் பிரேமுக்குள் பிடித்துக்கொண்டு வராமலே போவதுண்டு. கீழே விழுந்தால் துடைத்துவிட்டுக் கீறல் தேடுங்கள். விரலால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு!

எந்த சைக்கிளானாலும் பராமரிப்பு ஒன்றுதான். வாரம் ஒரு தடவை டயரில் காற்று. எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா பாருங்கள்.

செயினுக்கு வீட்டில் கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறோம். தயவுசெய்து வேண்டாம். கொஞ்ச நாளில் அது பிசுபிசுத்து, தெருப் புழுதியெல்லாம் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி செயினைத் தேய்க்கும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் செயினுக்கான எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பிள்ளைகளின் ஒரு அடி ஸ்கேல் போதும். ஒரு ஆணியின் நடுவில் பூஜ்ஜியத்தை வையுங்கள். புது செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு ஆணியின் நடுவில் மிகச் சரியாக விழும். அந்த ஆணி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளும்வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். சின்னச் செலவைத் தள்ளிப்போட்டால் பெரிய செலவு. உடம்புக்கும் இதே சட்டம்தானே!

வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், முழு ஓவராயிலிங் செய்துவிடுங்கள்.

வீட்டில் இன்னொரு சைக்கிள் இருக்கிறதே!

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். அப்பாவுக்கு லட்ச ரூபாய் சைக்கிள் பேசுகிற வீட்டில், மாடிப்படிக்கு அடியில் பெண்ணின் சைக்கிள் பிரேக் பிடிக்காமல் நிற்கிறது. டியூஷனுக்கு அவள் அதில்தான் சாலை ரோடு நெரிசலில் போகிறாள். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளாக இருந்தால், "ஓசிதானே" என்று யாரும் எண்ணெய் கூட விடுவதில்லை.

பக்கத்துப் புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல் உடைப்பவர்களும் ஆசிரியைகளும் ஒன்றாக ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும் கணவருக்கும் காத்திருக்கும் நிலை மாறியது. அவர்கள் ஓட்டியது சாதாரண இரும்பு சைக்கிள். பல பேர் ஓட்டியது பார் வைத்த ஆண்கள் சைக்கிள்!

ஆகவே உங்கள் பட்ஜெட்டில் முதல் பங்கு அந்தப் பெண்ணின் பிரேக்குக்கும் பின் விளக்குக்கும் போகட்டும். வீட்டம்மாவுக்கும் ஒரு சைக்கிள் உயரம் பார்த்து அமையட்டும். மூட்டு தேய்மானத்துக்கு நடையை விடச் சைக்கிள் பல பேருக்கு இதமானது. பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. ஆனால் எலும்பு வலுவுக்குச் சைக்கிள் மட்டும் போதாது. நடையும், படி ஏறுவதும் வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடம் போதும். வெயிலுக்கு முன், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஹெல்மெட் கட்டாயம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே சைக்கிளில் ஏறுங்கள்.

இப்படி ஆறு மாதம் விடாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். அப்போதும் கார்பன் ஆசை இருந்தால், அது உழைத்துச் சம்பாதித்த ஆசை. நானே "வாங்குங்க சார்" என்பேன்.