ஊரும் விருந்தும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியர் அப்பொருளிலேயே அதனை ஆண்டுள்ளார். பின்னர் அது புதியராய் வருவோரையும், அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. முன்னாளில் விருந்தினர்க்குச் சோறிட்டோர் விலை கொண்டாரல்லர். இந்நாளில் அது தொழிலாகவும் வளர்ந்துள்ளது. நகர வாழ்வில் சலிப்புற்றோர் சிற்றூர்களை நாடி வர, அவர்பொருட்டுத் தோப்புகளிலும் பண்ணைகளிலும் விடுதிகள் எழுகின்றன. புதுச்சேரியை அடுத்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் மாணவர்கள் இதுபற்றிச் சிந்தித்தல் வேண்டும்.

உழைப்புக்கு ஊதியம் பெறுதல் குற்றமன்று. ஆயினும், விடுதியார் விற்பது தம் உடைமையை மட்டுமா? வருவோர் காண விழைவன பச்சை வயலும் ஏரிக்கரைக் காற்றும் பறவைகளின் ஒலியுமே. அவை எவர் பட்டாவிலும் அடங்குவன அல்ல. ஆதலின், விடுதியார் ஊருக்குக் கடன்பட்டவர் ஆவர்.

பாகூர் ஏரியை நோக்குக. புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளுள் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது இதுவே. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் இதற்கு நீர் கொணர்கின்றது. பங்காரி, சிங்காரி என்னும் இரு நாட்டிய மகளிர் தம் செல்வத்தை ஊர்நலத்துக்கு ஈந்த கதையை இவ்வாய்க்காலோடு இணைத்து ஊரார் வழங்குவர். கதையின் உண்மை எவ்வாறாயினும், நீருக்காகத் தம் பொருளை ஈந்தாரை ஊர் மறப்பதில்லை என்பது தெளிவு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. அத்தகைய ஊர் இது!

இங்கு ஆழ்துளைக் கிணற்றால் அளவின்றி நீர் இறைத்தல் தீது. கடற்கரையை ஒட்டிய நிலங்களில் நன்னீர் குறையின், கடல்நீர் அடிநிலத்தில் உட்புகும். புகுந்த உவரை அகற்றுதல் அரிது. விடுதிக்காரர் நீச்சற்குளம் கட்டினால், உவர்நீரை இறைப்பவர் பக்கத்து வயலின் உழவர். எனவே, இப்பகுதிப் பண்ணை விடுதிகளில் நீச்சற்குளம் கூடாது என்பது என் துணிபு. கூரைமேல் விழும் மழை நிலத்துள் இறங்க வேண்டும். குளித்த நீர் வாழைக்குப் பாய வேண்டும். புதுச்சேரியில் 1999இல் ஐரோப்பிய உதவியோடு தொடங்கிய ஏரிப் புனரமைப்புப் பணியில், ஏரிநீரைப் பயன்படுத்துவோரின் சங்கங்கள் ஊர்தோறும் அமைந்தன. அத்தகைய சங்கங்களின் தூர்வாரும் செலவில் விடுதியாரும் பங்கேற்பது முறை.

உணவுக்கு அவ்வூர் அரிசியும் காய்கறியும் போதும். தண்ணீருக்கு வில்லியனூர்க் குயவர் வனைந்த மண்பானையினும் சிறந்த கலம் உண்டோ? ஊர்ப் பெண்டிரைப் பாத்திரம் துலக்க மட்டும் அமர்த்திக் கணக்கெழுத நகரத்தாரை அழைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. பள்ளியிறுதி கற்ற மகளிர் அவ்வூரிலேயே உளர்.

“நீச்சற்குளம் இல்லையேல் விருந்தினர் வாரார்” என்பர் சிலர். வருவோர்க்குக் காட்ட நம்மிடம் பொருள் இல்லையா? 2008இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரிக்குக் குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் வருகின்றன. 1954 அக்டோபர் 18இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்த கீழூரும் வில்லியனூரை அடுத்ததே. இவற்றை விளக்கிக் கூற அவ்வவ்வூர் இளைஞர்களைப் பழக்கி, உரிய ஊதியம் தரலாம். வழிகாட்டியை அயலூரிலிருந்து அழைப்பானேன்?