பழைய அரமும் புதிய உளியும்



தச்சு வேலை பழக விரும்பும் இளைஞர்கள் முதலில் நாடுவது கருவிக் கடையைத்தான். உளியும் இழைப்புளியும் வாங்கி அடுக்கிய பின், அவற்றைத் தீட்டும் முறை அறியாது திகைப்போர் பலர். அவர்களுக்கு நாம் கூற விரும்புவது இது: ஒரு கருவியையேனும் உங்கள் கையாலேயே செய்து பாருங்கள்.

புகழ்பெற்ற தச்சுக் கலைஞர் ஜேம்ஸ் கிரெனோவ் (1920–2009), 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு தச்சுப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தமக்குரிய மர இழைப்புளியைத் தாமே செய்துகொள்வது அங்கு மாணவர்களின் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாக இருந்தது.

நீங்கள் கொட்டாப்புளியில் தொடங்கலாம். வைரம் பாய்ந்த புளியங்கட்டை தலைக்கு ஏற்றது. கைப்பிடியின் மேல்நுனியைச் சற்று அகலமாக விட்டு, துளையையும் மேற்புறம் அகலமாக வெட்டுங்கள். கைப்பிடியை மேலிருந்து கீழாகச் செருகினால், வீச வீசத் தலை இறுகுமேயன்றிக் கழன்று விழாது.

அடுத்தது உளி. தேய்ந்துபோன பழைய அரம் இதற்கு உதவும். அரம் கரிச்சத்து மிகுந்த எஃகு. ஆயினும் ஓர் எச்சரிக்கை! அரத்தை அப்படியே கூர்தீட்டிச் சுத்தியலால் அடிக்காதீர்கள். அது கண்ணாடியைப் போல் நொறுங்கும் தன்மையது. தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

முதலில் அரத்தைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிடுங்கள். எஃகு மென்மையாகிவிடும். பின்னர் பற்களை அறவே தேய்த்து நீக்குங்கள். பல்லின் பள்ளம் ஒன்று எஞ்சினாலும் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். உளியின் வடிவத்தையும் இப்போதே அமைத்துவிடுங்கள்.

அடுத்து, வெட்டுமுனையை மீண்டும் காய்ச்சுங்கள். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியசில் எஃகு காந்தத்திற்கு வசப்படாது போகும். அதனினும் சிறிது சூடேற்றி, உடனே எண்ணெயில் அமிழ்த்துங்கள். எண்ணெய் தீப்பற்றக்கூடும், எனவே இரும்புப் பாத்திரமும் அதை மூட ஒரு தட்டும் அருகிருக்கட்டும். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

இப்போது எஃகு கடினமாகிவிட்டது. ஆனால் நொறுங்கும் தன்மையும் திரும்பிவிட்டது. அதனைத் தணிக்கவே இறுதிப் பதம். முனையை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, பின்புறமிருந்து மெதுவாகச் சூடேற்றுங்கள். ஏறத்தாழ 230 டிகிரியில் வைக்கோலின் மஞ்சள் நிறம் முனையில் படரும். அக்கணமே குளிரவையுங்கள். ஊதாவோ நீலமோ படர்ந்துவிட்டால் கூர்மை நிலைக்காது; மீண்டும் காய்ச்சி அமிழ்த்துவதிலிருந்து தொடங்க வேண்டும்.

அரத்தின் வால் கைப்பிடியில் செருகுவதற்கென்றே அமைந்தது. கருவேலங்கட்டையில் பிடி செதுக்கி, வாயில் பித்தளைப் பூண் மாட்டினால் பிளவாது.

இந்த உளி கடை உளியைப் போல் அழகாயிராது. ஆனால் இதன் முனை ஏன் மழுங்குகிறது, ஏன் உடைகிறது, எப்படிச் சீராக்குவது என்பதனைத்தும் உங்களுக்குத் தெரியும். பிறர் செய்து தந்த கருவியையும் இனி நீங்கள் அறிந்தே வாங்குவீர்கள், அறிந்தே பேணுவீர்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் முன், அந்த அரத்தை ஒருமுறை கையிலெடுத்துப் பாருங்கள்.