முகம் சுளிக்காதவர்களுக்கு என்ன கிடைத்தது?

தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி முடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கழுத்தில் அடையாள அட்டை இல்லாததே அதிசயம். அவளுக்குப் பக்கத்து இலையில் தூரத்து உறவு மாமா ஒருவர். சாம்பார் சாதம் முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"பாரும்மா, எந்த வேலை குடுத்தாலும் முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. முகத்தைச் சுளிக்காம வாங்கிச் செய். மத்தவங்க கிளம்பினாலும் நீ உடனே பையைத் தூக்காதே. நீயா எதையும் கேக்கவே வேண்டாம். தானா மேல தூக்கி விடுவாங்க."

அவள் தலையாட்டினாள். இந்தப் பக்கம் இரண்டு சித்திகள், அந்தப் பக்கம் ஒரு பெரியப்பா, எல்லோரும் ஆட்டினார்கள். எனக்கு ரசம் புரையேறியது.

மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவர். அந்த வங்கியில் குமாஸ்தா ஆபீசர் ஆவதற்கு சீனியாரிட்டி பட்டியல் இருந்தது, தேர்வு இருந்தது, நேர்முகம் இருந்தது. சிஏஐஐபி என்ற வங்கித் தேர்வை எழுதிப் பாஸ் செய்தால் சம்பளத்தில் கூடுதல் இன்கிரிமென்ட். கேள்வி கேட்கச் சங்கம் இருந்தது. நேரம் கழித்து உட்காரச் சொன்னால் ஓவர்டைம் கணக்கு எழுதினார்கள். இவரே சம்பள ஒப்பந்தத்துக்காக வேலைநிறுத்தத்தில் கொடி பிடித்தவர். போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. சங்கம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்ததையெல்லாம் தன் சிரித்த முகம் சம்பாதித்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, சங்கமும் சீனியாரிட்டியும் பென்ஷனும் இல்லாத இடத்தில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு உபதேசம் செய்கிறார்.

எக்செல் அக்காவைப் பற்றி அங்கேயே சொல்லியிருப்பேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார் அவர். எங்கள் எல்லோருக்கும் எக்செல் அக்கா. மாதம் பிறந்தால் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. இது அவருடைய வேலை. கொள்முதல் பதிவேட்டில் இருக்கிற பில்லும், சப்ளையர்கள் ஏற்றியதை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலில் இருக்கிற பில்லும் ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பார்த்து, ஏற்றாமல் விட்ட சப்ளையருக்குப் போன் போட்டு, "அண்ணே, எங்க இன்வாய்ஸை இன்னும் ஏத்தலையே, கிரெடிட் போயிடும்ணே" என்று கெஞ்சுவதும் அவர்தான். இது யாருடைய வேலை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. விற்பனைக்காரர்களின் பயணப்படிக் கணக்கு, ஆடிட்டர் கேட்கும் வவுச்சர், ஜூன் வந்தால் ஆளாளுக்கு ஃபாரம் 16, எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். ஒருமுறை முதலாளி மகனுடைய பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்குப் பட்டைப் படம்கூடப் போட்டுக் கொடுத்தார். "அக்கா, ஒரு சின்ன வேலை" என்று யார் வந்து நின்றாலும் நாற்காலியைத் திருப்பி "குடு" என்பார். முகம் சுளிக்கவே தெரியாது அவருக்கு. மாமா பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பார்.

துணை மேலாளர் இடம் காலியானது. கிடைத்தது, அக்காவிடம் எக்செல்லில் விலுக்அப் போடக் கற்றுக்கொண்ட பையனுக்கு. அக்காவுக்கு ஏன் இல்லை என்று மேலிடத்தில் ஒருவரைக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "அவங்களை அங்கேர்ந்து எடுத்தா மாசக் கடைசியை யார் சார் பாக்கறது?"

நன்றாகச் சுற்றுகிற செக்குமாட்டை யார் அவிழ்த்துவிடுவார்கள்?

அந்தப் பையன் மோசமானவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவன் செய்தது ஒன்றுதான். மாதக் கணக்கு முடிந்ததும், எந்த சப்ளையரால் எவ்வளவு வரிப்பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஒரே பக்கத்தில் போட்டு, அதைத் தானே எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போவான். அட்டவணை அக்கா போட்டது. அவர் அந்த அறைக்குள் போனதே இல்லை. போக நேரம் ஏது? அடுத்த "சின்ன வேலை" மேசையில் காத்திருந்தது. முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம் பிரச்சினையைக் கொண்டுவந்து காட்டிய முகம். பிரச்சினையைத் தீர்த்த முகம் அவருக்குத் தெரியாது.

மறு வருடம் அக்காவுக்கு அப்ரைசல் எழுதியது அதே பையன். "தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினான்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஊரில் உழைப்பைப் பற்றி உபதேசம் செய்ய ஆள் பஞ்சம் இல்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அது போதாது என்று 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணிக்கு ஏற்றினார். வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று வேறு கேட்டார். 2023-24இல் அவர் பெற்ற ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய் என்று அப்போதே பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. 51 கோடி கொடுத்தால் நான்கூட ஞாயிற்றுக்கிழமை வருவேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டன: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016ஆம் ஆண்டு மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். தானாக மேலே போவது என்று மாமா சொன்னது இதைத்தானோ என்னவோ.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அது பொருந்தாது. இப்போது புரிகிறதா, ஏன் தடுக்கி விழுந்தால் மேனேஜர் என்று? அசோசியேட் மேனேஜர், அசிஸ்டென்ட் மேனேஜர், டெபுடி மேனேஜர். கீழே ஒரு ஆள்கூட இருக்காது. நம் வீட்டில் "புள்ள மேனேஜர் ஆயிட்டான்" என்று ஸ்வீட் வாங்கிக் கொடுக்கிறோம்.

எட்டு மணி நேரம் யாரும் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்ததும் இல்லை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய ஊர் சென்னை. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், அதே ஊரின் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கத்திய பிறகு, மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தச் சங்கத்துக்காரர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமாவைத்தான் கேட்க வேண்டும்.

முகம் சுளிக்காமல் இருப்பதற்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் "ஆட்டிட்யூட்". அப்ரைசல் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. செய்த வேலையை எண்ணலாம், தாக்கல் செய்த ரிட்டர்னை எண்ணலாம், வாடிக்கையாளர் புகாரை எண்ணலாம். இந்தக் கட்டத்தை மட்டும் எதைக் கொண்டும் அளக்க முடியாது, அதனால்தான் வைத்திருக்கிறார்கள். எண்ணக்கூடியதிலெல்லாம் ஒருவர் தேறிவிட்டால் அவரைக் கீழே இறக்க ஒரு கருவி வேண்டுமே. இதில் பெல் கர்வ் என்று ஒன்று வேறு. பத்துப் பேர் இருந்தால் உயர்ந்த மதிப்பீடு இரண்டு பேருக்கு, கடைசி மதிப்பீடு ஒருவருக்கு என்று வேலையைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானம் ஆகிவிடும். பிறகு அந்தத் தீர்மானத்துக்குப் பொருத்தமாகக் காரணம் எழுத வேண்டும். "ஆட்டிட்யூட் சரியில்லை" என்பதைப் போல வசதியான காரணம் உலகத்தில் உண்டா? மைக்ரோசாஃப்டே இந்த முறை வேண்டாம் என்று 2013இல் தலைமுழுகிவிட்டது. நம்மூர்க் கம்பெனிகள் பல இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

அக்காவுக்கு அந்தக் கட்டத்தில் வருடாவருடம் முழு மதிப்பெண். அதை வைத்து ஒரு கிலோ தக்காளி வாங்க முடியவில்லை.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்குவது, யாராவது வேலையை விட்டுப் போனால் வசூல் பண்ணிப் பரிசு வாங்குவது, கூட்டத்தில் குறிப்பெடுப்பது, பிறந்தநாள் கேக்குக்கு மெழுகுவத்தி தேடுவது எல்லாம் யார் தலையில் விழுகிறது என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் பாருங்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிண்டா பாப்காக்கும் சகாக்களும் இதையே சோதித்து 2017இல் எழுதினார்கள்: பதவி உயர்வுக்கு உதவாத வேலையைப் பெண்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள், கேட்டால் பெண்கள்தான் அதிகம் ஒப்புக்கொள்கிறார்கள். எக்செல் அக்காவைப் பார்த்த யாருக்கும் இதைச் சொல்ல ஆய்வு தேவைப்பட்டிருக்காது. பொரி வாங்கினதும் அவர்தான். பூஜை முடிந்து பொரியைக் கூட்டித் தள்ளினதும் அவர்தான்.

பிறகு இந்தக் குடும்பப் பாட்டு. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று வருடக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்வார்கள். எந்தக் குடும்பத்தில் ஐயா 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கிறது? இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் "டீம், ஒரு சின்ன விஷயம்" என்று செய்தி வரும். பதில் போடாவிட்டால் மறுநாள் காலை யாரும் திட்ட மாட்டார்கள், அந்தக் கட்டத்தில் போய் உட்காரும். அலுவலகத்தில் மட்டும்தானா? தி. நகர் ரங்கநாதன் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள்: காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே சேலையை விரித்துக் காட்டும் பெண்கள் முகம் சுளிக்கிறார்களா? கடைகளில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தித்தான் வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சிரித்த முகத்துக்கு ஒரு ஸ்டூல்கூடத் தானாக வரவில்லை.

அப்படியானால் வேலையே செய்யாதே என்கிறாயா என்று கேட்கத்தான் செய்வார்கள். இப்படிக் கேட்பவர்கள் ஓய்வு பெற்றவர்களாகவோ முதலாளிகளாகவோதான் இருப்பார்கள். அண்ணன் மகளுக்கு மண்டப வாசலில் வைத்து நான் சொன்னது இதுதான். புது வேலை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் முடியாது என்று சொல்ல வேண்டாம். "சார், இப்போ கையில இந்த மூணு இருக்கு. எதை நிறுத்திட்டு இதை எடுக்கட்டும்?" என்று கேள். வாயால் கேட்டுவிட்டு, அதையே இரண்டு வரி மின்னஞ்சலாகவும் போடு. கொடுப்பவருக்கு அப்போதுதான் கையில் மூன்று இருப்பதே தெரியும். செய்து முடித்ததை நீயே எடுத்துக்கொண்டு போய்க் காட்டு, அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பாதே. வருடக் கடைசியில் படிவம் நிரப்பும்போது நினைவிலிருந்து எழுதாமல், மாதாமாதம் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வை. ஒன்றிரண்டு வருடத்தில் நகரவில்லை என்றால் வேறு இடம் பார்.

கடைசியில் சொன்னதைக் கேட்டு அவள் அம்மாவுக்கே அதிர்ச்சி. "விசுவாசம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார்கள் அண்ணி.

இருக்கிறது அண்ணி. ஆனால் பல அலுவலகங்களில் பத்து வருடமாக இருப்பவருடைய சம்பளத்தைவிட, நேற்று வெளியிலிருந்து வந்தவருடைய சம்பளம் அதிகம். வந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பவர் அந்தப் பத்து வருடக்காரர். எக்செல் அக்கா இப்போதும் அங்கேதான் இருக்கிறார், அந்தப் பையனுக்கு அடுத்து வந்த மேலாளருக்கும் அவர்தான் 2பியைப் புரியவைத்தார். விசுவாசத்துக்கு என்று சம்பளச் சீட்டில் எந்த வரியிலாவது ஒரு ரூபாய் போட்டிருந்தால் காட்டச் சொல்லுங்கள். என்னுடையதை எடுத்து மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டேன். அடிப்படைச் சம்பளம் இருக்கிறது, வீட்டு வாடகைப்படி இருக்கிறது, பி.எஃப். பிடித்தம் இருக்கிறது. அதற்குக் கீழே தொழில்வரி.