கம்பெனித் தீனியும் கோழிக்காரன் கூலியும்

"கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்க வேண்டும்" என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழமொழி. இன்று கும்பினிக்குக் கோழி மேய்ப்பவன் கதி என்ன?

தோழர்களே! சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளியும் ராஜபாளையத்தில் மில் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வாங்குகிற பிராய்லர் கறி பெரும்பாலும் ஒப்பந்தக் கோழி. பல்லடம், உடுமலைப் பக்கம் வேரூன்றித் தமிழ்நாடெங்கும் பரவிய முறை அது. குஞ்சு, தீனி, மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்டு, தரையில் பரப்பும் தேங்காய் நார்த்தூள், குடும்பத்தின் உழைப்பு எல்லாம் விவசாயியுடையவை. கோழி வளர்ந்ததும் லாரி வரும், எடை போடும், போய்விடும்.

இவனுக்குப் "பண்ணை முதலாளி" என்று பட்டம்! சுத்தப் பித்தலாட்டம். கொட்டகைக் கடன் ஒன்றுதான் இவன் சொத்து. ஏஜண்டிடம் காகிதம் வாங்கி வீட்டுத் திண்ணையில் பட்டாசுக் குழாய் உருட்டுகிறாளே நம் சகோதரி, அவளும் இவனும் ஒரே ஜாதி. அவளுக்குக் குரோஸ் கணக்கு, இவனுக்குக் கிலோ கணக்கு.

சூட்சுமம் தீனி மூட்டையில் இருக்கிறது. நாற்பது கிராம் குஞ்சு ஏறத்தாழ 40 நாளில் இரண்டு கிலோ ஆகிறது. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 கிலோ தீனி. 5,000 கோழிக்கு 16 டன், அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் 320 மூட்டை. அத்தனையையும் சுமந்து கொட்டுவது விவசாயியும் அவன் மனைவியும், கூலிக்கு வந்த ஆளும்தான். கிலோவுக்கு நூறு கிராம் தீனி கூடிவிட்டால் ஒரு டன், இருபது மூட்டை. அது வளர்த்தவன் தலையில் ஏறும், கூலி இறங்கும். இதற்கு இங்கிலீஷில் எப்.சி.ஆர். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் அபராதம் என்று சொல்லலாம்.

தீனி ஏன் கூடுகிறது? ஈர மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் கோழி தின்னும், வளராது. குஞ்சு சோடையாக இருந்தாலும் அப்படியே. இரண்டும் கம்பெனி இறக்கியவை. மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று சோதிக்க இவனிடம் சாலை இல்லை. வேறு தீனி வாங்கிப் போட ஒப்பந்தம் விடாது. கத்திரி வெயிலோ நம் விருதுநகர்ச் சீமையில் சொல்ல வேண்டியதில்லை. உச்சிப் பொழுதில் தீனி தின்ற கோழி உடம்புச் சூடு ஏறிச் செத்துப்போகும். ஆகவே பகலில் தீனித் தட்டை உயரத் தூக்கிக் கட்டிவிட்டு, இரவிலும் விடிகாலையிலும் கண் விழித்துத் தீனி வைக்கிறார்கள். அப்படியும் சாகிற கோழி இவன் கணக்கில்தான் சாகிறது.

இத்தனைக்கும் கூலி? கிலோவுக்கு 6 ரூபாய் 50 காசு போதாது, 20 ரூபாய் வேண்டும் என்று 2026 ஜனவரியில் வளர்ப்பு விவசாயிகள் குஞ்சு இறக்க மறுத்துப் போராடினார்கள். 5,000 கோழிக்கு ஆறரை ரூபாய் வீதம் 65,000 ரூபாய். இதில் நார்த்தூள், கரண்டு, ஆள் கூலி, பாங்கு வட்டி போக மிஞ்சுவதை அடுத்த குஞ்சு வரும்வரை வைத்துச் சாப்பிட வேண்டும்.

"கூலியை உயர்த்தினால் ஏழை தின்னும் கறி விலை ஏறும்" என்று நம்மிடமே சில கனவான்கள் கண்ணீர் விடுகிறார்கள். கறி விலை தினமும் ஏறி இறங்குகிறதே, அதனுடன் வளர்ப்பவன் கூலி ஏறியதுண்டா?

அந்தத் தீனியில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அருப்புக்கோட்டை, சாத்தூர்க் கரிசலில் நம் ஆட்கள் விளைவிப்பதும் அதுதான். 2025-26க்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதார விலை என்று டெல்லி அறிவித்தது. அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டுமென்று வியாபாரியைக் கட்டும் சட்டம் இல்லை. ஆனால் 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை ஏறியபோது 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அதே டெல்லி அனுமதித்தது. தீனி முதலாளி கூப்பிட்டால் காது கேட்கிறது!

கால்நடை வளர்ப்பு ஒப்பந்தத்துக்கும் சேர்த்தே தமிழ்நாட்டில் 2019இல் சட்டம் வந்திருக்கிறது. கொட்டகை போட உங்கள் ஊருக்கு யாராவது வந்தால், ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். தீனி கெட்டால் நஷ்டம் யாருடையது என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் நகலைச் சங்க ஆபீஸுக்குக் கொண்டு வாருங்கள்; சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் ஆள் இருக்கும்.