முஷ்டியை மடக்கி முறைக்கவும்

விடியற்காலையில் பெய்ஜிங் பூங்கா எதற்குள்ளாவது நுழைந்தால், ஒரு கூட்டம் வானத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம். 'பாதுவான்ஜின்' என்ற பயிற்சியின் முதல் ஐட்டம் அது. விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மூச்சை இழுத்தபடி கைகளை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூச்சையும் அசைவையும் சேர்த்துப் பழக்கும் 'சீகோங்' குடும்பத்தின் செல்லப்பிள்ளை இது. 800 வருஷத்துக்கு மேல் வயசு. பெயருக்கு 'எட்டுத் துண்டுப் பட்டு' என்று அர்த்தம். எட்டு அசைவுகள். வில்லை வளைத்துக் கழுகைக் குறிபார்ப்பது ஒன்று. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பது ஒன்று. நாள் பூராவும் கம்ப்யூட்டரை வெறிக்கிற கழுத்துகளுக்கு இதைச் சிபாரிசு செய்வேன். எனக்குப் பிடித்தது ஏழாவது. முஷ்டியை மடக்கி, கண்ணை உருட்டி முறைத்து, மெதுவாக ஒரு குத்து! மானேஜர் அறைக்கு எதிரே நின்று பிராக்டிஸ் செய்வது உசிதமல்ல.

எட்டாவது, குதிகாலை உயர்த்தித் 'தொம்'மென்று இறக்குவது. ஏழு தடவை செய்தால் நூறு வியாதியும் போகும் என்று அதன் பெயரிலேயே வாக்குறுதி இருக்கிறது.

வம்பே அங்கேதான். 1950களில் சீன அரசே பெய்தாய்ஹ கடற்கரையில் சீகோங் வைத்தியசாலை நடத்தியது. கலாசாரப் புரட்சியில் 'மூடநம்பிக்கை' என்று ஒதுக்கினார்கள். 1980களில் மறுபடி அலை. ஸ்டேடியம் நிறைய ஜனம். மேடையிலிருந்து 'மாஸ்டர்' சக்தியை அனுப்புவார், கீழே நோய் குணமாகணும்! பிரபஞ்ச சிக்னல் பிடிக்க அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்து உட்கார்ந்தவர்களும் உண்டு. சிரிக்கலாம். அந்த நம்பிக்கையில் மருந்தை நிறுத்தியவர்களை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

2000க்குப் பிறகு சீன விளையாட்டுத் துறை, மாயத்தைக் கழித்துவிட்டு எட்டு அசைவுகளையும் ஒழுங்குபடுத்தியது. சுமார் 12 நிமிஷம். செலவு பூஜ்யம்.

பலன்? இதன் பங்காளியான தாய்ச்சி செய்கிற வயதானவர்கள் தடுக்கி விழுவது குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த தாத்தா யாரையாவது கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்வார்.

ஆகவே முறையுங்கள், குத்துங்கள், குதிகாலைத் தூக்குங்கள். சுகர் மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம் அடுப்பிலேயே இருக்கட்டும்.